டர்போ ஸ்னோமொபைலுக்குக் கியரும் கிளட்சும்: வாசகர் கேள்வி பதில்

பனிக்காலத்துக்கு முன்பாக வண்டியைத் தயார் செய்யும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) பொருத்திய ஸ்னோமொபைலின் (பனிமேல் ஓடும் வண்டியின்) கியர் விகிதத்தையும் கிளட்ச் அமைப்பையும் பற்றிய கேள்விகளே மிகுதியாக இருந்தன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: மலையில் ஆழமான பனியில் ஓட்டும் என் வண்டியின் 850 சிசி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் டர்போ பொருத்தியிருக்கிறேன். டிராக்கின் (வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டையின்) பிட்ச், அதாவது பல்லுக்குப் பல் இடைவெளி, 3 அங்குலம். அதை இழுக்கும் டிரைவர் சக்கரத்தில் 7 பற்கள். கிளட்சிலிருந்து டிராக்குக்குச் செயினால் விசையைக் கடத்தும் செயின்கேஸில் மேலே 21 பல், கீழே 51 பல் ஸ்பிராக்கெட் (பற்சக்கரம்). முழு திராட்டிலில் எஞ்சின் 8,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 8,000 சுற்றில்) நிற்க வேண்டும். இப்போது 8,500-ஐத் தாண்டுகிறது. நண்பர்களில் சிலர் கியரைக் குறைக்கச் சொல்கிறார்கள், சிலர் கூட்டச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டு வேலைகளை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்னோமொபைலின் கிளட்ச் என்பது எஞ்சினோடு சுழலும் பிரைமரி, செயின்கேஸை ஓட்டும் செகண்டரி என்ற இரண்டு தட்டுச் சோடிகளும் அவற்றை இணைக்கும் பெல்ட்டும்; தட்டுகள் நெருங்கி விலகும்போது பெல்ட் ஓடும் வட்டம் மாறி, விகிதமும் மாறும். எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் நிற்கும் என்பதைக் கிளட்ச் தீர்மானிக்கிறது. அந்த ஆர்பிஎம்மில் டிராக் எவ்வளவு வேகம் வரை செல்லலாம், அப்போது பெல்ட் கிளட்சின் எந்த இடத்தில் ஓடும் என்பதைக் கியர் தீர்மானிக்கிறது. ஆகவே 8,500-ஐ 8,000-க்கு இறக்குவதற்காகச் செயின்கேஸைத் திறக்க வேண்டியதில்லை. பெல்ட் பிரைமரியின் விளிம்பு வரை ஏறிவிட்டு, அதற்கு மேல் விகிதம் மாற இடமில்லாமல் எஞ்சின் தறிகெட்டுச் சுழலும்போது மட்டுமே கியர் அதற்குக் காரணமாகும். ஆழமான பனியில் அந்த நிலை வருவது அரிது.

கியர்க் கணக்கு எளிது. 51-ஐ 21-ஆல் வகுத்தால் 2.43. டிரைவர் ஒரு சுற்றுச் சுற்றினால் 7 பற்களுக்கு 21 அங்குலம், அதாவது 53.3 சென்டிமீட்டர் டிராக் நகரும். கிளட்ச் 1-க்கு 1 என்ற விகிதத்தை எட்டிய நிலையில், 8,000 ஆர்பிஎம்மில் டிராக்கின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 105 கிலோமீட்டர். மேல் ஸ்பிராக்கெட்டை 19 பல்லாக மாற்றினால் விகிதம் 2.68 ஆகி, அந்த வேகம் 95-ஆகக் குறையும். 23-க்கு 49 என்று வைத்தால் 120 வரை போகும். இவை டிராக்கின் வேகங்கள். டிராக் பனியைத் தோண்டியபடியே சுழல்வதால் வண்டி இதைவிட மெதுவாகத்தான் நகரும். ஆனால் வேகமானி பெரும்பாலும் டிராக்கின் வேகத்தையே காட்டும் என்பதால் கணக்குக்கு அது வசதியானது.

இனி உங்கள் சரிவில், உங்கள் பனியில், முழு திராட்டிலில் வேகமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 65 என்று வைத்துக்கொள்வோம். 105-ஐ 65-ஆல் வகுத்தால் 1.62 வருகிறது; அதாவது பெல்ட் பிரைமரியில் இன்னும் சிறிய வட்டத்திலேயே ஓடுகிறது. பெல்ட் கடத்தும் திறன் என்பது அதன் இழுவிசையையும் அது ஓடும் வேகத்தையும் பெருக்கிய அளவு. சிறிய வட்டத்தில் ஓடும் பெல்ட் மெதுவாக ஓடுகிறது. எனவே அதே குதிரைத்திறனைக் கடத்த அது கூடுதலாக இழுபட வேண்டும், கூடுதலாக இழுபடும் பெல்ட்டைத் தட்டுகள் கூடுதலாக அழுத்திப் பிடிக்க வேண்டும், அந்தப் பிடி சற்றே தளர்ந்தாலும் பெல்ட் வழுக்கிச் சூடாகும். 19 பல்லுக்கு மாறினால் அதே 65-இல் கிளட்சின் விகிதம் 1.47 ஆகிறது; பெல்ட் சற்றுப் பெரிய வட்டத்துக்கு ஏற, இழுவிசை ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. கியரைக் குறைக்கச் சொல்லும் நண்பர்களின் பக்கத்தில் உள்ள நியாயம் இதுதான். ஆனால் டர்போ உங்கள் எஞ்சினின் திறனைக் கூட்டியிருப்பது 6 சதவீதத்தைவிட மிக அதிகம் என்பதால், கியர் மாற்றம் மட்டுமே பெல்ட்டைக் காப்பாற்றிவிடாது. மேலும், கூடிய திறனால் டிராக்கும் முன்னைவிட வேகமாகச் சுழல்கிறது. 65 என்பது 75 ஆனால் பெல்ட் தானாகவே மேலே ஏறிவிடும், கியரைத் தொட வேண்டிய தேவையே எழாமல் போகலாம்.

ஆகவே ஊகிக்காமல் அளந்து பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, பிரைமரியின் தட்டில் மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். கிளட்ச் காவலை மூடிவிட்டு, நீங்கள் வழக்கமாக ஏறும் சரிவில் ஒரு முறை முழு திராட்டிலில் ஏறிப் பாருங்கள். பெல்ட் போன தூரம் வரை கோடு அழிந்திருக்கும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அழிந்திருந்தால் இப்போதைய கியரையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பாதிகூட அழியவில்லை என்றால் 19 அல்லது 20 பல்லுக்கு இறங்குவது நல்லது.

இப்போது கிளட்சுக்கு வருவோம். டர்போ வண்டியில் எல்லாமே இங்கேதான் இருக்கிறது. எஞ்சினோடு சுழலும் பிரைமரி கிளட்சுக்கு வேகம் மட்டுமே தெரியும்: ஆர்பிஎம் ஏற ஏற அதன் வெயிட்டுகள் வெளிநோக்கி விலகி, ஸ்பிரிங்கை எதிர்த்துத் தட்டைத் தள்ளி, பெல்ட்டை அழுத்துகின்றன. எஞ்சின் 150 குதிரைத்திறன் தருகிறதா, 200 தருகிறதா என்பது பிரைமரிக்குத் தெரியாது. செகண்டரி கிளட்சோ தனக்கு வந்து சேரும் முறுக்குவிசையை உணர்கிறது. முறுக்குவிசை கூடினால் ஹெலிக்ஸ் எனும் சாய்தளத் துண்டின் சாய்வு அதைப் பக்கவாட்டு அழுத்தமாக மாற்றி, பெல்ட்டைத் தானாகவே இறுக்கிப் பிடிக்கிறது. டர்போ பொருத்தியதும் செகண்டரியின் பிடி தன்னால் கூடிவிட்டது, பிரைமரியின் பிடி பழைய அளவிலேயே நிற்கிறது. பிரைமரியால் செகண்டரியைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் ஆர்பிஎம் 8,500-க்கு ஓடுகிறது. இதற்கு மருந்து வெயிட்டைக் கூட்டுவதே.

எவ்வளவு கூட்டுவது? வெயிட் ஏற்படுத்தும் விசை அதன் நிறையையும் ஆர்பிஎம்மின் இருமடியையும் பொறுத்தது. 70 கிராம் அளவிலான வெயிட்டில் ஒவ்வொன்றுக்கும் 1 கிராம் கூட்டினால் பொதுவாக 50 முதல் 100 ஆர்பிஎம் வரை இறங்கும். ஆகவே 500 ஆர்பிஎம்மை இறக்க 5 முதல் 10 கிராம் வரை தேவைப்படலாம். முதலில் 4 கிராம் கூட்டி ஓட்டிப் பாருங்கள். கிளட்சில் உள்ள எல்லா வெயிட்டுகளுக்கும் ஒரே அளவில், ஒரே இடத்தில் கூட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் வித்தியாசம் இருந்தால் கிளட்ச் அதிரத் தொடங்கி, கிராங்க் பேரிங் வரை பாதிக்கும்.

எடை உட்காரும் இடமும் அளவைப் போலவே முக்கியம். கூட்டிக் குறைக்க வசதியுள்ள வெயிட்டுகளில் வேர்ப்பகுதி, நடுப்பகுதி, நுனி என மூன்று இடங்களில் எடை சேர்க்கலாம். வேர்ப்பகுதியின் எடை வண்டி கிளம்பும் நேரத்தில் வேலை செய்கிறது. நுனியின் எடை பெல்ட் மேலே ஏறிய பிறகு வேலை செய்கிறது. டர்போ எஞ்சின் கிளம்பும் கணத்தில் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) இல்லாமல் சாதாரண எஞ்சினைப் போலவே இருக்கும். அப்போது வேர்ப்பகுதியில் பெரும் எடையை ஏற்றினால், எஞ்சின் திணறி, அடங்கி, பூஸ்ட் உருவாகும் முன்பே பெல்ட் மேலேறி, விகிதம் உயர் கியர் பக்கம் ஏறிவிடும். டர்போவுக்குத் தேவையான வெளியேற்று வாயு கிடைக்காமல் அந்தத் திணறல் நீளும். எனவே வேர்ப்பகுதியை ஏறக்குறைய முன்பிருந்தபடியே விட்டுவிட்டு, நடுவிலும் நுனியிலும் எடையைச் சேர்ப்பதே டர்போவுக்குப் பொருந்தும் முறை.

ஹெலிக்ஸையும் செகண்டரி ஸ்பிரிங்கையும் வெயிட் சரியான பிறகே தொடுங்கள். 46/40 என்பது போலக் குறிக்கப்படும் ஹெலிக்ஸில் முதல் எண் தொடக்கச் சாய்வு, இரண்டாவது முடிவுச் சாய்வு. கோணம் பெரிதானால் விகிதம் விரைவாக ஏறும், ஆர்பிஎம் இறங்கும்; கோணம் சிறிதானால் பெல்ட் இறுக்கமாகப் பிடிக்கப்படும், திராட்டிலை விட்டு மீண்டும் பிடிக்கும்போது விகிதம் சட்டென்று கீழிறங்கி ஆர்பிஎம்மை மீட்டுத்தரும். மரங்களுக்கிடையே திராட்டிலை விட்டும் பிடித்தும் ஏறுபவருக்கு இந்த மீட்சி உயிர்நாடி. ஏனெனில் ஆர்பிஎம் விழுந்தால் பூஸ்டும் விழுகிறது. அத்தகையவர் செகண்டரி ஸ்பிரிங்கைச் சற்றுக் கடினமாக்கிக்கொள்ளலாம். அப்போது ஆர்பிஎம் மேலே ஏறும். அதை மீண்டும் வெயிட்டால் ஈடுசெய்ய வேண்டும்.

பிரைமரி ஸ்பிரிங்கில் 120/340 என்பது போன்ற இரண்டு எண்கள் இருக்கும். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும்போதும் முழுவதும் மாறிய நிலையிலும் அது தரும் விசையைப் பவுண்டில் அவை சொல்கின்றன. முதல் எண் கூடினால் கிளட்ச் பிடிக்கும் ஆர்பிஎம் கூடும். இரண்டாவது கூடினால் முழு வேகத்தில் ஆர்பிஎம் கூடும். பூஸ்ட் சற்று முன்னதாகவே தொடங்க வேண்டும் என்பதற்காக முதல் எண்ணை மிகவும் உயர்த்துகிறவர்கள் உண்டு. ஆழமான பனியில் புதைந்து நிற்கும் டிராக்கை அவ்வளவு உயர்ந்த ஆர்பிஎம்மில் பிடித்தால், பெல்ட் ஒரே இடத்தில் வழுக்கி எரியும். அதை நான் பரிந்துரைப்பதில்லை.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கிளட்ச் சூடாகிய பின், அதே சரிவில், ஆர்பிஎம், பூஸ்ட், வேகம் ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள். 8,000-ஐத் தாண்டுவது மட்டும் ஆபத்தன்று. வெயிட்டை மிகையாகக் கூட்டி முழு பூஸ்டில் எஞ்சினை 300 ஆர்பிஎம் கீழே இழுத்துவைத்தால், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் எக்ஸாஸ்ட் பைப் வேலை செய்யும் குறுகிய எல்லையிலிருந்து அது நழுவி, சுமை மட்டும் மிகுந்து, டெட்டனேஷனுக்கும் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்தெரிவதற்கும்) பிஸ்டன் உருகுவதற்கும் வழி பிறக்கும்.

கேள்வி: வெயிட் சரி, ஆர்பிஎம் சரி, ஆனாலும் பெல்ட் அடிக்கடி போகிறது. எந்தக் கிளட்சில் குறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடும் ஏற்றம் முடிந்தவுடன் எஞ்சினை நிறுத்தி, காவலைத் திறந்து, இரண்டு கிளட்சுகளின் தட்டுகளையும் உடனே அளக்கவும். 80 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் பெல்ட்டின் ஆயுள் வேகமாகக் குறைகிறது என்று கொள்ளலாம். பிரைமரி மட்டும் மிகவும் சூடாக இருந்தால் வழுக்கல் அங்கே. வெயிட் போதவில்லை, அல்லது கியரைக் குறைக்க வேண்டும். செகண்டரி சூடாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஹெலிக்ஸின் கோணம் மிகைப்பட்டிருக்கலாம்.

போன பெல்ட்டை எறிந்துவிடாதீர்கள்; அதைப் படிக்கலாம். ஓரிடத்தில் மட்டும் இடுப்பு போல ஒடுங்கியிருந்தால், டிராக் உறைந்தோ புதைந்தோ நின்றபோது பெல்ட் நின்ற இடத்திலேயே எரிந்திருக்கிறது. பக்கங்கள் முழுவதும் கண்ணாடி போலப் பளபளத்தால் ஓட்டம் முழுவதும் வழுக்கல் இருந்திருக்கிறது. ஒரு விளிம்பு மட்டும் நார்நாராகப் பிரிந்தால் இரு கிளட்சுகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை; டர்போவின் கூடுதல் முறுக்குவிசையில் எஞ்சின் மவுண்டுகள் நெகிழ்ந்து, நின்ற நிலையில் சரியாகத் தெரியும் நேர்கோடு ஓட்டத்தில் கலைவதும் உண்டு. மென்மையான ரப்பர் மவுண்டுகளைக் கடினமானவற்றால் மாற்றுவதும், கிளட்சுகளுக்கிடையே தூரத்தை நிலைநிறுத்தும் தாங்கியைப் பொருத்துவதும் அதற்காகவே.

புதிய பெல்ட்டை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி உலர்த்துங்கள். தட்டுகளில் படிந்த கறுப்பை உரசித் துடையுங்கள். முதல் 50 கிலோமீட்டரை மிதமாக ஓட்டுங்கள். இது சிறிய வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் வெயிட்டையும் ஹெலிக்ஸையும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பொருளில்லை.

கேள்வி: 500 மீட்டர் உயரத்தில் கிளம்பி 3,000 மீட்டர் வரை ஏறுகிறேன். டர்போ இருப்பதால் உயரத்துக்கேற்ப வெயிட்டை மாற்றத் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: டர்போ எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் திறனை இழக்கிறது; அதற்கேற்ப வெயிட்டைக் குறைத்தாக வேண்டும். தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் டர்போக்கள் இந்த இழப்பை ஈடுகட்டும்படி அமைகின்றன: ஸ்கி-டூ 2020-இல் கொண்டுவந்த 850 இரண்டு ஸ்ட்ரோக் டர்போ, 8,000 அடி வரை 165 குதிரைத்திறனைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. திறன் மாறாத இடத்தில் வெயிட்டும் மாற வேண்டியதில்லை.

பின்னர் பொருத்தப்பட்ட டர்போவில் வெளிக்காற்றுக்கு மேல் இவ்வளவு அழுத்தம் என்று மட்டும் பூஸ்ட் அமைக்கப்பட்டிருந்தால் கணக்கு வேறு. 500 மீட்டரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 95 கிலோபாஸ்கல். 40 பூஸ்ட் சேர்ந்தால் எஞ்சினுக்கு 135 கிடைக்கிறது. 3,000 மீட்டரில் காற்றழுத்தம் 70 அளவுக்கு இறங்குவதால் அதே 40 சேர்ந்தும் 110 தான். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது; கீழே சரியாக நின்ற வெயிட் மேலே எஞ்சினை அமுக்கும். கட்டுப்பாட்டுக் கணினி மொத்த அழுத்தத்தை 135-இல் நிறுத்தும் வகையில் அமைந்திருந்தால் இந்தப் பிரச்சினை பெரிதாக எழாது, ஆனால் மெல்லிய காற்றை அழுத்த டர்போ கூடுதலாகச் சுழல்வதால் உட்செல்லும் காற்று சூடாகிறது. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பனியால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் டர்போ எந்த வகை என்பதைப் பொருத்தியவரிடம் கேட்டறியாமல் வெயிட்டைத் தீர்மானிக்காதீர்கள்.

கேள்வி: உறைந்த ஏரிகளிலும் சமதளத்திலும் 998 சிசி நான்கு ஸ்ட்ரோக் டர்போ வண்டியை ஓட்டுகிறேன். 8,750 ஆர்பிஎம், ஸ்பிராக்கெட் 24-க்கு 50, டிரைவரில் 8 பற்கள், பிட்ச் 2.86 அங்குலம். வேகத்தைக் கூட்டப் பெரிய கியர் போடலாமா?

பதில்: போடலாம், அளவோடு. இப்போது கிளட்ச் 1-க்கு 1 விகிதத்தில் இருக்கும்போது டிராக்கின் வேகம் மணிக்கு சுமார் 146 கிலோமீட்டர். கிளட்ச் அதையும் கடந்து 0.85 வரை சென்றால் 172. மேலே ஒரு பல் கூட்டி 25 ஆக்கினால் 1-க்கு 1-இல் 153 கிடைக்கும். ஆனால் முதலில் கோடு போட்டுப் பாருங்கள். பெல்ட் விளிம்பைத் தொட்டு, ஆர்பிஎம்மும் ஏறத் தொடங்கினால் மட்டுமே ஒரு பல் கூட்டுவதற்குப் பொருள் உண்டு. விளிம்பை எட்டாத பெல்ட்டுக்குப் பெரிய கியர் கொடுத்தால் உச்ச வேகம் கூடாது. கிளம்பும்போது பெல்ட் படும் பாடு மட்டும் கூடும். நான்கு ஸ்ட்ரோக் டர்போவின் முறுக்குவிசை நடுத்தர ஆர்பிஎம்மிலேயே மிகுதி என்பதால், மலை வண்டிக்குச் சொன்னதைவிட இங்கே நேரான (தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோணமுள்ள) அல்லது சற்றுப் பெரிய கோணமுள்ள ஹெலிக்ஸும், நுனியில் கூடுதல் எடையும் பொருந்தும்.

கேள்வி: ஒரே விகிதத்தைச் சிறிய ஸ்பிராக்கெட்டுகளாலும் பெரிய ஸ்பிராக்கெட்டுகளாலும் பெறலாம் என்றால், டர்போவுக்கு எது நல்லது?

பதில்: செயின்கேஸில் இடம் இருந்தால் பெரியவையே. செயினின் இழுவிசை, மேல் தண்டின் முறுக்குவிசையை மேல் ஸ்பிராக்கெட்டின் ஆரத்தால் வகுத்த அளவு. ஆரம் பெரிதானால் செயின் அதே திறனைக் குறைந்த இழுவிசையில் கடத்துகிறது. பல் எண்ணிக்கை மாறும்போது செயினின் கண்ணி எண்ணிக்கையும் மாற வேண்டியிருக்கலாம்; பழைய செயினை இழுத்தோ தளரவிட்டோ பொருத்திச் சமாளிக்காதீர்கள். புதிய செயின் முதல் சில ஓட்டங்களில் சற்று நீளும் என்பதால் இறுக்கத்தை மீண்டும் சரிபார்த்து, எண்ணெயை மாற்றி, வடிகால் திருகின் காந்தத்தில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு இயல்பானது. விரலில் உறுத்தும் உலோகத் துணுக்குகள் தென்பட்டால், செயினையும் ஸ்பிராக்கெட்டின் பற்களையும் கழற்றிச் சோதிக்கும் வரை முழு பூஸ்டில் ஓட்ட வேண்டாம்.